சூடானால் நிற்கும் புல்லட், ஆவாரம்பாளையத்தில் ஒரு பட்டறை

அப்பாவின் பழைய பாயிண்ட் செட் (பிளக்கில் பொறி வர மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் முனைகள்) புல்லட் 10 கிலோமீட்டர் ஓடியதும் ரெண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும், அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒரே உதையில் கிளம்பும். முதலில் போன கடையில் எதையும் பார்க்காமலே கார்புரேட்டரை மாற்றி 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். நோய் போகவில்லை.

அப்புறம்தான் கோவை ஆவாரம்பாளையத்தில் இந்தத் தகரக் கொட்டகைப் பட்டறை. மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைத் தொடவே இல்லை, வண்டி நிற்கும்வரை ஓட்டிப் பார்த்தார். டேங்க் மூடியைத் திறந்தார், அதன் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் பெட்ரோல் சரியாக இறங்காதாம். அது இல்லை. பிளக்கைக் கழற்றி சிலிண்டர் மேல் வைத்து உதைத்தால் பொறி மஞ்சளாக, உயிரே இல்லாமல் வந்தது, ஆனால் பாயிண்ட் மூடியைத் திறந்தால் அங்கே மத்தாப்பு மாதிரி அடிக்கிறது, முனைகள் கருகிக் கிடக்கின்றன. சூட்டில் கண்டன்சர், அதாவது பாயிண்ட் முனைகளில் பொறி அடிக்காமல் காக்கும் சின்ன மின் பாகம், படுத்துவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம்! புதுசு போட்டு, முனைகளைத் தேய்த்து, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்து இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். கூலியோடு 400 ரூபாய்.

குறை என்றால், போனை எடுக்கவே மாட்டார். காலை 9 மணிக்குள் போகாவிட்டால் மதியம்வரை பக்கத்து டீக்கடைதான்.