ஐந்து ஆண்டுகள், ஒரு படகு, ஒரு ரயில்: ஜான் ஜே கல்லூரியில் படித்த அனுபவம்

2019 ஆகஸ்டு இறுதியிலிருந்து 2024 மே மாதம் வரை நியூயார்க்கின் ஜான் ஜே குற்றவியல் நீதிக் கல்லூரியில் இளங்கலை படித்தேன். கியூனி என்று அழைக்கப்படும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் இதுவும் ஒன்று. 1964-இல் காவலர்களுக்கான கல்லூரியாக நிறுவப்பட்டு, பின்னர் அமெரிக்காவின் முதல் தலைமை நீதிபதியான ஜான் ஜேயின் பெயரைப் பெற்றது. இங்கே சேரப் போவதாக வீட்டில் சொன்னபோது, "போலீசுக்கா போகப் போற?" என்றுதான் அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் சரியான விடை இல்லை. படித்து முடித்துவிட்ட நிலையில், இங்கே சேரலாமா என்று யோசிக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் பணம். நியூயார்க்கில் வசிப்பவர் என்ற தகுதி உள்ள முழுநேர மாணவருக்கு நான் படித்த காலம் முழுவதும் ஒரு செமஸ்டருக்குக் கல்விக் கட்டணம் 3,465 டாலர், அதாவது ஆண்டுக்கு 6,930 டாலர். சில நூறு டாலர் இதரக் கட்டணங்கள் தனி. வெளிமாநிலத்தவருக்கு ஒரு கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் மதிப்பலகு; செமஸ்டருக்கு 12 முதல் 15 வரை எடுப்பது வழக்கம்) 620 டாலர் என்பதை இதனுடன் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். 1976 வரை இந்தப் பல்கலைக்கழகத்தில் முழுநேர மாணவர்கள் கல்விக் கட்டணமே கட்டவில்லை. நகரம் நிதி நெருக்கடியில் சிக்கிய அந்த ஆண்டில்தான் கட்டணம் வந்தது. அதே நெருக்கடியில் ஜான் ஜேயையே மூடிவிடும் யோசனையும் எழுந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் போராடித்தான் அதைக் காப்பாற்றினார்கள். நான் அனுபவித்த குறைந்த கட்டணத்துக்குப் பின்னால் அவர்களுடைய போராட்டம் இருக்கிறது என்பதை நான் மறப்பதில்லை.

ஆனால் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டதுதான் நான் செய்த பெரிய தவறு. பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். நிதியுதவி விதிகளின்படி 12 கிரெடிட் எடுத்தாலே முழுநேர மாணவர் என்று கணக்கு. கடையில் பகுதிநேர வேலையும் பார்த்ததால் எனக்கு 12 போதும் என்று தோன்றியது. செமஸ்டருக்கு 12 வீதம் எட்டு செமஸ்டர் படித்தால் 96 தான் வரும் என்பதை நான் இரண்டாம் ஆண்டில்தான் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். டாப் எனப்படும் மாநில உதவித்தொகையோ எட்டு செமஸ்டரோடு முடிந்துவிடும். பெல் என்னும் மத்திய உதவித்தொகை அதற்குப் பிறகும் ஓரளவு கைகொடுத்தாலும், ஐந்தாம் ஆண்டின் சுமை பெருமளவு என் சேமிப்பின் மீதே விழுந்தது. ஆண்டுக்கு 30 கிரெடிட் முடிப்போருக்கு மட்டுமே தொடரும் எக்செல்சியர் என்னும் இன்னொரு மாநில உதவித்தொகையும் இதே காரணத்தால் எனக்கு எட்டாமல் போயிற்று. பட்டத்துக்குக் கணக்கில் வராத பாடத்தை ஆசைக்கு எடுத்தால், அது டாப் கணக்கிலும் சேராது என்பதையும் சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இவையெல்லாம் எழுத்தில் இருக்கும் விதிகள்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன எனக்கு அவற்றைத் தேடிப் படிக்க வேண்டும் என்பதே தெரிந்திருக்கவில்லை.

இக்கல்லூரி வீட்டிலிருந்து போய்வருவோருக்கானது. எங்கள் வீடு ஸ்டேட்டன் தீவில் இருக்கிறது. விக்டரி பொலிவார்டில் பேருந்து பிடித்து, செயின்ட் ஜார்ஜில் இறங்கி, கட்டணமில்லாப் படகில் 25 நிமிடம் கடந்து, சவுத் ஃபெர்ரியில் 1-ஆம் எண் ரயிலேறி, கொலம்பஸ் சர்க்கிளில் இறங்கிப் பத்தாவது அவென்யூவரை நடந்தால் கல்லூரி. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். மாலை வகுப்பு முடிந்து ரயில் சற்றே தாமதித்தால், படகுத்துறையின் கண்ணாடிக் கதவுகள் கண்ணெதிரே மூடிக்கொள்ளும். அடுத்த படகுக்கு அரைமணி நேரம் மரப்பலகையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே நின்று காற்று வாங்கும் பயணிகளை விட்டுவிட்டுப் படகின் கீழ்த்தளத்துக்குப் போய், இயந்திர அதிர்வில் மடியில் நடுங்கும் புத்தகத்தில் அடிக்கோடு போட்டுப் போட்டே அரசியலமைப்புச் சட்டப் பாடத்தைப் படித்தேன். அந்தக் கோடுகள் ஒன்றுகூட நேராக இல்லை. புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இவ்வளவு அலைச்சலுக்கும் ஈடாக எனக்குக் கிடைத்தது வகுப்பறை. குற்றவியல் நீதியை வேறு கல்லூரிகளிலும் படிக்கலாம். ஆனால் பணியிலிருக்கும் காவலர், சிறைக் காவலர், சிறையில் இருந்து மீண்டவர், தம்பி ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் இருக்கும் அக்கா ஆகியோர் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே தீர்ப்பைப் படிக்கும் வகுப்பு எல்லா இடத்திலும் கிடைக்காது. காவல் துறையினரின் மாறும் பணிநேரத்துக்கு ஏற்ப ஒரே பாடத்தைப் பகலிலும் மாலையிலும் நடத்தியது இக்கல்லூரியின் பழைய வழக்கம். அந்தக் கலவை இன்னும் மாறவில்லை.

தெருவில் நிறுத்திச் சோதனையிடும் நடைமுறை பற்றிய வகுப்பு ஒன்று நினைவில் நிற்கிறது. 2011-இல் மட்டும் நியூயார்க் காவல்துறை 6,85,000-க்கும் அதிகமான முறை மக்களை இப்படி நிறுத்தியது. அந்நடைமுறை பின்பற்றப்பட்ட விதம் அரசியலமைப்புக்கு முரணானது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. ஆசிரியர் எண்ணைப் பலகையில் எழுதியதும், பின்வரிசையில் இருந்த ஒருவர், தம் பதினைந்தாம் வயதில் ஒரே கோடையில் நான்கு முறை சுவரோடு நிறுத்தப்பட்டதைச் சொன்னார். எனக்கு முன்னால் அமர்ந்திருந்த காவலர் திரும்பி, அந்நாளில் ஒவ்வொரு முறையும் தாம் நிரப்ப வேண்டியிருந்த யூஎஃப்-250 படிவத்தைப் பற்றியும், மாதக் கடைசியில் எண்ணிக்கை கேட்ட மேலதிகாரியைப் பற்றியும் மெதுவாகச் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் வகுப்பு முடிந்தபின் அரைமணி நேரம் அதே இடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று நான் படகைத் தவறவிட்டேன், அதற்காக வருந்தவில்லை.

இன்னொரு பாடத்துக்காக மன்ஹாட்டன் சென்டர் தெரு 100-ஆம் எண் குற்றவியல் நீதிமன்றத்தில், கைதானவர்களை முதன்முதலாக நீதிபதி முன் நிறுத்தும் இரவு அமர்வைப் பார்க்கப் போனேன். நள்ளிரவு தாண்டி ஒரு மணி வரைகூட அது நடக்கும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். வழக்கு எண்ணைக் கூப்பிடுகிறார்கள், வழக்கறிஞர்கள் இருவரும் பேசுகிறார்கள், சில நிமிடங்களில் ஒருவர் வீட்டுக்குப் போவதா சிறைக்குப் போவதா என்பது முடிவாகிவிடுகிறது. என் பக்கத்தில் ஓர் அம்மாள் மகனின் குளிர்கோட்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் காத்திருந்தார். பிணைத் தொகை கேட்கப்படாமல் மகன் விடுவிக்கப்பட்டபோது, அவர் முதலில் செய்தது அந்தக் கோட்டின் பொத்தான்களைத் திறந்து தயாராக வைத்ததுதான். பல குற்றச்சாட்டுகளுக்குப் பிணைத் தொகை கேட்பதை நீக்கி 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பிணைச் சீர்திருத்தத்தைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எல்லாம் எனக்கு விளங்கத் தொடங்கியது அந்த இரவில்தான்.

கல்லூரியின் லாயிட் சீலி நூலகத்தைத் தவறவிடக் கூடாது. 1883 முதல் 1927 வரையிலான நியூயார்க் குற்றவியல் வழக்குகளின் சொல்லுக்குச் சொல்லான விசாரணைப் பதிவுகள் அங்கே உள்ளன. ஒரு சாட்சி தடுமாறுவதையும், மொழிபெயர்ப்பாளர் குறுக்கிடுவதையும் அப்படியே வாசிக்கலாம்.

தடயவியல் அறிவியல் பிரிவில் சேர விரும்புவோருக்கு ஒரு வார்த்தை: அது தொலைக்காட்சித் தொடர்களில் வருவது போன்றதல்ல, முழுக்க வேதியியல். கரிம வேதியியல், இயற்பியல், நுண்கணிதம் எல்லாம் உண்டு. துப்பறியும் ஆசையில் வந்த என் தோழி கரிம வேதியியல் பாடத்தோடு நிறுத்திக்கொண்டு வேறு பிரிவுக்கு மாறிவிட்டாள். நியூயார்க் காவல்துறையில் சேர நினைப்பவர்கள், நான் படித்தபோது தேவைப்பட்ட 60 கல்லூரிக் கிரெடிட்டை 2025-இல் 24 ஆகக் குறைத்துவிட்டார்கள் என்பதையும் அறிந்து முடிவெடுக்க வேண்டும்.

குறை என்று சொல்வதானால், நட்புக்கு நேரமில்லை. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் வேலைக்கோ, குழந்தையைக் கூட்டிவரவோ, ரயிலுக்கோ ஓடுவார்கள். 2020 மார்ச்சில் எல்லாம் இணையவழிக்கு மாறியபோது பயணம் நின்றது. கூடவே அந்தப் பின்வரிசைக் குரல்களும் நின்றுபோயின. மீண்டும் திரும்பியபின், 2011-இல் திறந்த புதிய கட்டடத்தின் மாடித் தோட்டத்தில் வாரத்துக்கு ஒரு நாளாவது யாருடனாவது அமர்ந்து சாப்பிடுவதைக் கட்டாயமாக வைத்துக்கொண்டேன். என் இரண்டு நெருங்கிய நண்பர்களும் அங்கே கிடைத்தவர்கள்தான்.

இப்போது, வசதியற்றோருக்காக வாதாடும் ஒரு சட்ட அலுவலகத்தில் பாராலீகலாக, அதாவது வழக்கறிஞர்களுக்கு உதவியாளராக, வேலை பார்க்கிறேன். அம்மாவின் கேள்விக்கு அதுவே என் விடை. தங்கை இந்த ஆண்டு ஜான் ஜேயில் சேர்கிறாள். போக்குவரத்து அட்டை, பாடநூல் உதவி, தனி ஆலோசகர் ஆகியவற்றோடு நான்கு ஆண்டுகளில் பட்டம் முடிக்க வைக்கும் ஏஸ் திட்டத்துக்கு அவளை விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இருவரும் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எட்டு செமஸ்டருக்கும் செமஸ்டருக்கு 15 என்று எழுதி, கீழே 120 என்று கூட்டிக் கோடு போட்டோம்.