ஓஷன் ரேஸ் யூடியூப் சேனல்: ஹட்டன்ல இருந்து ஒரு ரிவியூ

ஓஷன் ரேஸ்னா பாய்மரப் போட்ல உலகத்தச் சுத்துற போட்டி. கடலுக்கும் நமக்கும் தூரந்தான், ஆனா 2023 கேப் டவுன் – பிரேசில் இட்டஜாய் லெக் (போட்டியோட ஒரு கட்டம்) வீடியோவ மட்டும் பாத்துருங்க, 12,750 நாட்டிக்கல் மைல், ஒரு மாசத்துக்கு மேல நடுக்கடல், பாக்குறதுக்கு ஃப்ரீ. போட்டுக்குள்ள நடக்குற வாழ்க்கைதான் சூப்பர், காஞ்ச சாப்பாட்டு பாக்கெட்டுல சுடுதண்ணி ஊத்தி ஒரு கையால கம்பியப் புடிச்சிக்கிட்டே அள்ளித் திங்குறாங்க, டாய்லெட்டுக்கு வாளி, குடிதண்ணி கடல்தண்ணியில இருந்து மெஷின் எடுக்குது, தூக்கம் துண்டு துண்டாத்தான். மலிஸியாங்கிற டீமோட போட்ல பாய்மரத்துல விரிசல் விழுந்து, மேல ஏறி ரிப்பேர் பண்ணி அந்த லெக்கையே ஜெயிச்சாங்க, மயிர்க்கூச்செறிஞ்சிருச்சு! வீடியோ எடுக்குற ரிப்போர்ட்டர் போட் ஓட்ட உதவக்கூடாதாம், அதான் கேமரா மூஞ்சிகிட்டயே நிக்குது. பேச்சு முக்காவாசி இங்கிலீஷ், பாத்தாலே வெளங்கும். பனி எறங்குனா நம்ம பக்கம் சிக்னல் போயிரும், காலையிலயே டவுன்லோட் பண்ணிக்கோங்க. அஞ்சுக்கு அஞ்சு.