சொந்த வண்டி ஓட்றவங்களுக்கு ஐடிஆர் போட்டுத் தர்ற ஆபீஸ்: போகலாமா வேணாமா?

போரூர் சைடுல எல்லோ போர்டு வண்டி வச்சு ஓட்றவங்க நெறைய பேர் ஐடிஆர், அதாவது வருமானவரி ரிட்டன் போடப் போற ஒரு டாக்ஸ் கன்சல்டன்சி ஆபீஸ் பத்தின ரிவ்யூ இது. பேரு போடல, ஏன்னா நல்லதும் சொல்லப் போறேன் நாலு குறையும் சொல்லப் போறேன். அதுவுமில்லாம இந்த மாதிரி ஆபீஸ் வளசரவாக்கம், பூந்தமல்லி, தாம்பரம்னு தெருவுக்கு ஒண்ணு இருக்கு, வெளிய "பான் கார்டு, ஐடிஆர், ஜிஎஸ்டி"னு ஃப்ளெக்ஸ் தொங்கும், உள்ள ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். ஆடிட்டர்னு சொல்றவரு பாதி நேரம் ஆபீஸ்லயே இருக்க மாட்டாரு. எல்லா எடத்துலயும் வேலை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்குது, அதனால எந்த ஆபீஸ் போனாலும் இது உதவும்.

மொதல்ல நல்லது. வேலை ஃபாஸ்ட். பான், ஆதார், வருஷத்துக்கு உண்டான பேங்க் ஸ்டேட்மெண்ட், டாக்ஸி ஆப்ல இருந்து எடுத்த வருஷ ஸ்டேட்மெண்ட், இவ்ளோதான் கேக்கறாங்க, குடுத்துட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தா முடிஞ்சிருக்கு. கணக்கு புக் இல்லாம போடற சின்ன ஃபார்ம் ஐடிஆர்-4, அதுக்கு ஆயிரம் ரூபா. கணக்கு புக்கெல்லாம் வச்சு ஐடிஆர்-3 போடணும்னா 3,500 சொல்றாங்க. கடைசி தேதி நெருங்கறப்ப மட்டும் போயிடாதீங்க, உக்கார எடம் இருக்காது, கேக்கற கேள்விக்கு யாரும் நிமிந்து பதில் சொல்ல மாட்டாங்க. மே கடைசி, ஜூன்ல போனா நிதானமா பேசலாம்.

எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் ஒண்ணு. சிஸ்டத்துல உக்காந்திருந்த பொண்ணு 26ஏஎஸ்ஸும் ஏஐஎஸ்ஸும், அதாவது நம்ம பேர்ல புடிச்ச வரி, வந்த வருமானம் எல்லாம் டிபார்ட்மெண்ட் காட்ற ரெண்டு லிஸ்ட்டு, ஓப்பன் பண்ணி ஸ்க்ரீன என் பக்கம் திருப்பி வச்சிட்டு, "அண்ணா உங்க பேங்க்ல வந்திருக்கறது 7,20,000, ஆனா ஆப்காரங்க உங்க பேர்ல 9,00,000னு காட்டியிருக்காங்க, நாம 9 லட்சத்ததான் டர்ன்ஓவரா போடணும், பேங்க்ல வந்தத போட்டா மேட்ச் ஆகாது நோட்டீஸ் வரும்"னு சொல்லுச்சு. கரெக்ட். கஸ்டமர் குடுக்கற முழு காசுலதான் 194-ஓ செக்ஷன்ல டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கழிக்கற வரி, புடிக்கறாங்க, கமிஷன் போக நமக்கு வர்ற காசுல இல்ல. நம்ம ஆளுங்க நெறைய பேரு பேங்க்ல வந்ததுதான் வருமானம்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம். இந்த டிடிஎஸ் 2024 செப்டம்பர் கடைசி வரைக்கும் 1 சதவீதம், அதாவது 9 லட்சத்துக்கு 9,000 ரூபா. 2024 அக்டோபர் 1-ல இருந்து 0.1 சதவீதம், அதே 9 லட்சத்துக்கு 900 ரூபாதான். பான் குடுத்திருந்து, ஒரு ஆப்ல வருஷத்துக்கு 5 லட்சத்துக்குள்ள ஓடியிருந்தா புடிக்கவே மாட்டாங்க. புடிச்சது எதுவா இருந்தாலும் ஐடிஆர் போட்டாதான் திரும்ப வரும், சும்மா இருந்தா கவர்மெண்ட்டே கூப்ட்டு குடுக்காது.

இப்ப குறைக்கு வரேன், இதுதான் மெயின் மேட்டரு. இவங்க எல்லா டிரைவருக்கும் ஒரே அச்சுல ஊத்தறாங்க. "அண்ணே வருஷத்துக்கு மொத்தம் எவ்ளோ ஓட்னீங்க?" இந்த ஒரு கேள்விதான். அதுல 6 சதவீதம் லாபம்னு 44ஏடி-ல போட்டு அனுப்பிடறாங்க. 44ஏடி தெரியாதவங்களுக்கு: சின்ன பிசினஸ் பண்றவங்க கணக்கு புக் வைக்காம, பேங்க் யுபிஐ வழியா வந்த காசுல 6 சதவீதம், கேஷா வந்ததுல 8 சதவீதம் லாபம்னு காட்டிக்கலாம்னு ஒரு வசதி. பேசஞ்சர் வண்டிக்கு இது ஓகே. லோடு வண்டி ஓட்றவங்களுக்கு 44ஏஇ-னு தனி செக்ஷன், சின்ன வண்டின்னா மாசத்துக்கு 7,500 ரூபா லாபம்னு கணக்கு, அது வேற கதை. 2026 ஏப்ரல் 1-ல இருந்து புது வருமானவரிச் சட்டம் வந்துடுச்சு, அதுல செக்ஷன் நம்பர் எல்லாம் மாறியிருக்கு, ஆனா ஆபீஸ்ல எல்லாரும் இன்னும் பழைய நம்பர்லதான் பேசறாங்க, நானும் அப்டியே சொல்லிட்டு போறேன்.

9 லட்சத்துல 6 சதவீதம் எவ்ளோ? 54,000. வருஷத்துக்கு. மாசம் 4,500 ரூபாயில ஒரு ஆளு குடும்பம் நடத்தறான்னு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டு, அடுத்த வருஷம் அதே பேப்பர எடுத்துக்கிட்டு ரெண்டாவது வண்டிக்கு லோன் கேக்க பேங்க்குக்கு போனா என்ன ஆகும்? எங்க ஸ்டாண்டுல கூட ஓட்ற ஒரு அண்ணனுக்கு அதான் ஆச்சு, மேனேஜர் கம்ப்யூடேஷன் ஷீட்ட (வருமானம், வரி கணக்கு போட்ட பேப்பர) பாத்துட்டு "சார் நீங்க டியூ எங்க இருந்து கட்டுவீங்க"னு கேட்டுட்டாரு. கடைசில வெளிய ஃபைனான்ஸ்ல அதிக வட்டிக்கு எடுத்தாரு. ஆயிரம் ரூபா ஃபீஸ்ல பண்ண வேலை வருஷக்கணக்கா வட்டில உறிஞ்சுது.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா அப்டி கம்மியா காட்ட வேண்டிய அவசியமே இல்ல. 6 சதவீதங்கறது மினிமம்தான், அதுக்கு மேல உண்மையா லாபம் வந்திருந்தா அதத்தான் காட்டணும், அதே ஐடிஆர்-4ல அதே 44ஏடி-ல காட்டலாம். 2025 ஏப்ரலுக்கு அப்பறம் ஓட்ன கணக்குக்கு புது ரெஜீம்ல (புது வரி முறை) வருமானம் 12 லட்சம் வரைக்கும் ரிபேட், அதாவது வரித் தள்ளுபடி, போய் வரி சைபர். அப்ப செலவெல்லாம் போக உங்க கையில உண்மையா மூணரை லட்சம் நின்னா மூணரைனே காட்டுங்களேன், அப்பவும் வரி சைபர்தான், பேங்க்ல மரியாதையும் இருக்கும். இத ஆபீஸ்ல யாரும் சொல்லல, நானா கேட்டதுக்கு அப்பறம் "ஆமாண்ணா போடலாம், நீங்கதான் ஃபிகர் சொல்லணும்"னாங்க. ஃபிகர் நாமதான் சொல்லணுமாம். அந்த ஃபிகர கண்டுபுடிக்கதான் கணக்கு வேணும், அந்த வேலைய இந்த ஆபீஸ் செய்யாது, செய்யும்னு நெனச்சு போகாதீங்க.

அதனால கணக்கு நம்ம வேலை. செலவு எழுத ஃபோன்ல மூணு நாலு ஆப் போட்டுப் பாத்தேன், பாதி ஆப்பு கடைக்காரங்களுக்கு கடன் எழுத செஞ்சது, நமக்கு செட் ஆகல. வெளிநாட்டு மைலேஜ் ஆப்பு கிலோமீட்டருக்கு இவ்ளோனு செலவு போடும், இங்க சொந்த பிசினஸுக்கு அப்டி ஒரு கணக்கே கெடையாது, உண்மையா செலவு பண்ணதுதான் செலவு. கடைசில நிலைச்சது ஸ்டேஷனரி கடைல வாங்குன நீளமான கோடு போட்ட நோட்டும் ஒரு வாட்ஸப் குரூப்பும்தான். குரூப்ல நான் மட்டும்தான் மெம்பர். பங்க்ல சிஎன்ஜி போட்ட ஒடனே பில்ல ஒரு ஃபோட்டோ, அதுல போட்டுடறது. ஏன்னா அந்த வழவழன்னு இருக்கற பேப்பர டாஷ்போர்டுல வச்சா சித்திரை வெயிலுக்கு ஒரு வாரத்துல வெள்ளையாயிடும், எழுத்தே இருக்காது. டோலுக்கு பில்லே வேணாம், ஃபாஸ்டேக் ஸ்டேட்மெண்ட் பிடிஎஃப்பா வரும்.

என்னென்ன செலவுல வரும்னு எல்லாரும் கேக்கறீங்க. கேஸ், டீசல், ஆப் கமிஷன், ஆப்புக்கு கட்ற டெய்லி இல்ல மாச சப்ஸ்க்ரிப்ஷன், இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ், எஃப்சி காட்ன செலவு, பக்கத்து ஸ்டேட் போனா கட்ற பர்மிட் டாக்ஸ், டோல், பார்க்கிங், சர்வீஸ், டயர், பஞ்சர், வாட்டர் வாஷ், டியூட்டிக்கு யூஸ் பண்ற ஃபோன் ரீசார்ஜ், ஆக்டிங் டிரைவருக்கு குடுக்கற பேட்டா எல்லாம் வரும். ஆக்டிங் டிரைவருக்கோ மெக்கானிக்குக்கோ ஒரே நாள்ல ஒரே ஆளுக்கு 10,000க்கு மேல கேஷா குடுத்தா அது செலவா ஏறாது, ஜிபேல போட்டுடுங்க. டிராஃபிக் போலீஸ் போட்ட ஃபைன் வராது, அது எவ்ளோ அநியாயமா போட்டதா இருந்தாலும் வராது. வீட்டு ஃபங்ஷனுக்கு குலதெய்வம் கோயிலுக்குனு வண்டி எடுத்துட்டு போன டீசலையும் இதுல சேக்காதீங்க.

டியூல ஒரு குழப்பம் இருக்கு. மாசம் கட்ற டியூ முழுசும் செலவு கெடையாது, அதுல இருக்கற வட்டி மட்டும்தான் செலவு, அசல் வராது. அசலுக்கு பதிலா வண்டிக்கு தேய்மானம் இருக்கு. சும்மா கம்பெனி காருக்கு 15 சதவீதம்னா வாடகைக்கு ஓட்ற வண்டிக்கு 30 சதவீதம். 8 லட்சத்துக்கு வண்டி எடுத்தா மொத வருஷம் 2,40,000, அடுத்த வருஷம் மிச்சம் இருக்கற 5,60,000ல 30 சதவீதம் 1,68,000, இப்டி எறங்கிட்டே வரும். வாங்குன வருஷம் 180 நாளுக்கு கம்மியா ஓட்டியிருந்தா பாதிதான். பேங்க்ல கேட்டா வருஷக் கடைசில வட்டி எவ்ளோ அசல் எவ்ளோன்னு தனித்தனியா சர்டிபிகேட் தருவாங்க, அத வாங்கி வச்சுக்கோங்க. 44ஏடி-ல போனா இந்த தேய்மானம் எல்லாம் தனியா கழிக்க முடியாது, அந்த சதவீதத்துக்குள்ளயே எல்லாம் அடங்கிடுச்சுனு சட்டம் எடுத்துக்கும். தனித்தனியா கழிக்கணும்னா ஐடிஆர்-3. ஒத்த வண்டி ஓட்றவனுக்கு எப்டியும் வரி சைபர்ங்கறப்ப 3,500 ரூபா குடுத்து அந்த சள்ள தேவையானு யோசிங்க. நாலஞ்சு வண்டி விட்டு டிராவல்ஸ் நடத்தறவங்களுக்கு அது கண்டிப்பா பிரயோஜனம். இன்னொன்னு, 44ஏடி-ல போயிட்டு இருந்துட்டு நடுவுல திடீர்னு 6 சதவீதத்துக்கும் கம்மி லாபம்னு வெளிய வந்தா அஞ்சு வருஷத்துக்கு திரும்ப உள்ள போக முடியாது, அந்த வருஷங்கள்ல வருமானம் பேசிக் லிமிட்ட (வரியே இல்லாத அடிப்படை அளவு) தாண்டுனா புக்கு, ஆடிட்டுனு செலவு ஏறிடும். இதையும் ஆபீஸ்ல சொல்லித் தரல.

இப்ப ஜீரோ கமிஷன் ஆப் வந்த பிறகு கஸ்டமர் நேரா நம்ம யுபிஐக்கே போடறாங்க. அந்த நம்பர்லயே சீட்டு காசு, மச்சான் திருப்பிக் குடுத்த கைமாத்து, வீட்டு வாடகைக்கு வந்ததுனு எல்லாம் கலந்து கெடந்தா ஸ்டேட்மெண்ட்ட பாத்து எது வண்டி ஓட்ன காசுனு நமக்கே தெரியாது, அந்த பொண்ணுக்கு எப்டி தெரியும். ஓட்டத்துக்குன்னு தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட், வண்டில ஒட்டற க்யூஆர் அந்த அக்கவுண்ட்டுக்கு மட்டும். இத மட்டும் செஞ்சா பாதி கணக்கு தானா எழுதிக்கும்.

ஆபீஸ்ல ஒரு விஷயம் எனக்கு சுத்தமா புடிக்கல. வருமானவரி போர்ட்டல்ல ப்ரொஃபைல்ல என் நம்பருக்கு பதிலா அவங்க ஆபீஸ் நம்பரு, அவங்க மெயில் ஐடி போட்டு வச்சிருந்தாங்க. கேட்டா "நோட்டீஸ் வந்தா நாங்க பாத்துக்கறோம்ணா"ங்கறாங்க. அடுத்த வருஷம் வேற ஆபீஸ் போலாம்னு நெனச்சா பாஸ்வேர்டுக்கே அவங்க கால்ல விழணும், டிபார்ட்மெண்ட்ல இருந்து மெயில் வந்தாலும் நமக்கு தெரியாது. சண்ட போட்டு மாத்துனேன். நீங்க மொத நாளே சொல்லிடுங்க. அதே மாதிரி ஃபைல் பண்ணிட்டா முடிஞ்சுதுனு எழுந்து வந்துடாதீங்க, 30 நாளுக்குள்ள ஆதார் ஓடிபி போட்டு இ-வெரிஃபை பண்ணிடணும், பண்ணாமயே விட்டா போட்டதே கணக்குல வராது. அங்கயே உக்காந்து ஓடிபி போட்டு, அக்னாலெட்ஜ்மெண்ட்டும் கம்ப்யூடேஷனும் பிடிஎஃப்பா வாட்ஸப்ல வாங்கிட்டு காசு குடுங்க.

அப்பறம் தலையில கட்ற ஐட்டம். "உத்யம் சர்டிபிகேட் எடுத்துக்கோங்கண்ணா லோனுக்கு நல்லது, 500 ரூபா"னு சொல்லுவாங்க. அது சிறு தொழில் பதிவு சர்டிபிகேட், நல்லதுதான், ஆனா கவர்மெண்ட் சைட்ல அது ஃப்ரீ, ஆதார் பான் இருந்தா ஃபோன்லயே எடுத்துடலாம். ஜிஎஸ்டி ரெஜிஸ்ட்ரேஷனும் கேட்டாங்க. சர்வீஸுக்கு வருஷத்துக்கு 20 லட்சம் வரைக்கும் தேவையில்ல, கமிஷன் புடிக்கற ஆப்ல ஓட்ன டிரிப்புக்கு ஜிஎஸ்டிய ஆப்காரங்களே கட்டிடறாங்க, நமக்கு எதுக்கு மாசாமாசம் ரிட்டன் போட்டு அதுக்கு ஒரு ஃபீஸ்.

நாமளே போர்ட்டல்ல போட முடியாதானா முடியும், காசும் இல்ல. ஐடிஆர்-4 பெரிய ஃபார்ம் கெடையாது, டிடிஎஸ் விவரம் தானாவே வந்து உக்காந்துக்கும், டர்ன்ஓவரு, லாபம், பேங்க் அக்கவுண்ட், கைல இருக்கற கேஷ், இவ்ளோதான் நாம போடறது. பையனோ பொண்ணோ காலேஜ் படிச்சா பக்கத்துல உக்கார வச்சு போட்டுடலாம். ரிஃபண்ட் வர்ற அக்கவுண்ட்ட மட்டும் மொதல்ல போர்ட்டல்ல வேலிடேட் பண்ணிக்கோங்க, அதாவது அது நம்ம அக்கவுண்ட்தான்னு உறுதிப்படுத்திக்கோங்க.

என் மார்க்கு: ஃபைலிங்குக்கு அஞ்சுக்கு நாலு, ஆலோசனைக்கு அஞ்சுக்கு ஒண்ணு. வருஷ லாபம் எவ்ளோன்னு நோட்டுல கூட்டி கைல எடுத்துட்டு, நம்ம ஃபோன் நம்பர்ல லாகின் வச்சுக்கிட்டு, ஜூன்ல போறதா இருந்தா ஆயிரம் ரூபாய்க்கு ஓகே. அடுத்த வருஷம் நானே போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன், லோன் பேப்பரு எதாச்சும் கேட்டா மட்டும் திரும்ப அங்க போவேன். அந்த பொண்ணு இன்னும் அங்கதான் வேலை செய்யுதுன்னா அதுகிட்டயே உக்காருங்க, பக்கத்து சிஸ்டத்துல இருக்கறவரு ஏஐஎஸ் ஓப்பன் கூட பண்ண மாட்டேங்கறாரு.