கவட்டுக் குடலிறக்கம்: வலையை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா?

வயிற்றுச் சுவரின் பலவீனமான இடம் வழியே குடலோ கொழுப்போ கவட்டில் பிதுங்குவதுதான் கவட்டுக் குடலிறக்கம் (ஹெர்னியா). அந்த இடத்தை மூட ஒரு செயற்கை வலை வைப்பார்கள். 'திறந்து செய்வதா, லேப்ராஸ்கோப்பியா (சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்வது)' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தழும்பின் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள். வலை வயிற்றுச் சுவரின் எந்தப் பக்கம் உட்காருகிறது என்பதுதான் முக்கியம்.

கவட்டில் வரும் எல்லாக் குடலிறக்கமும் ஒரே பலவீனமான திறப்பு வழியாக வருவதாக 1956-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஃப்ருஷோ விளக்கினார். மேலே உள்சாய்வுத் தசை, குறுக்குத் தசை இவற்றின் வளைவு. கீழே இடுப்பெலும்பை ஒட்டிய கூப்பர் லிகமென்ட். நடுக்கோட்டுப் பக்கம் ரெக்டஸ் தசை (வயிற்றின் நேர்தசை). வெளிப்பக்கம் தொடைக்கு இறங்கும் சோவாஸ் தசை. கவட்டு மடிப்பில் ஓடும் இங்குவினல் லிகமென்ட் இந்தத் திறப்பை இரண்டாகப் பிரிக்கிறது. மேல் பாதியில் இன்ஃபீரியர் எபிகாஸ்ட்ரிக் ரத்தக்குழாய்களுக்கு வெளிப்பக்கமாக வருவது மறைமுக வகை, நடுக்கோட்டுப் பக்கமாக வருவது நேரடி வகை. கீழ்ப் பாதியில் தொடை ரத்தக்குழாயை ஒட்டி இறங்குவது ஃபெமரல் (தொடை) வகை.

திறந்து செய்யும் லிக்டன்ஸ்டைன் முறையில் சுமார் 7.5 × 15 செ.மீ. வலை வெளிச்சாய்வுத் தசையின் சவ்வுக்கு அடியில், முன்பக்கமாக உட்காரும். மேல் பாதிக்கு மட்டுமே காப்பு. மரத்துப்போகும் ஊசி போட்டே செய்துவிடலாம். அதுதான் இதன் பெரிய பலம். வலை ப்யூபிஸ் முண்டை (இடுப்பெலும்பின் முன்பக்க முண்டு) தாண்டி உள்பக்கம் 2 செ.மீ. போகவேண்டும். முண்டோடு நிறுத்தினால் அந்த ஓரத்திலேயே மறுபடி பிதுங்கும். தையல் எலும்புறையைக் கவ்வினாலும் வலி நீடிக்கும். இலியோஹைப்போகேஸ்ட்ரிக், இலியோஇங்குவினல், ஜெனிடோஃபெமரல் நரம்பின் ஜெனிடல் கிளை என மூன்று நரம்புகள் இந்தத் தளத்தில் ஓடுகின்றன. பார்க்காமல் தைத்தால் அறுவைக்குப் பிந்தைய தீராவலிக்கு வழி திறந்தாயிற்று.

லேப்ராஸ்கோப்பியில் 10 × 15 செ.மீ. வலை பெரிட்டோனியத்துக்கும் (வயிற்றின் உள்சவ்வு) தசைக்கும் நடுவே, பின்பக்கமாகப் போவதால் இரண்டு பாதிகளும் மூடப்படும். வயிற்றின் அழுத்தமே வலையைச் சுவரோடு அழுத்தும். ஆபத்து வேறிடத்தில். விந்துநாளத்துக்கும் விரை ரத்தக்குழாய்களுக்கும் இடைப்பட்ட முக்கோணத்தின் அடியில் வெளி இலியாக் தமனியும் சிரையும் கிடக்கின்றன. அதற்கு வெளிப்புறம், இலியோப்யூபிக் பட்டைக்கு (இங்குவினல் லிகமென்ட்டுக்குப் பின்னால் ஓடும் நார்ப்பட்டை) கீழே தொடைக்குப் போகும் நரம்புகள். இந்த இரண்டு இடத்திலும் டாக்கர் (வலையைச் சுவரோடு பொருத்தும் சிறு ஆணி) அடிக்கவே கூடாது. பெரிட்டோனியத்தைப் போதுமான அளவு பின்னுக்கு உரித்து விடாவிட்டால், அறுவைக்காக ஊதிய காற்றை வெளியேற்றும்போது அது வலையின் கீழ் விளிம்பைச் சுருட்டித் தூக்கிவிடும். சீக்கிரமே திரும்பி வரும் குடலிறக்கங்களில் பல இப்படி வந்தவை.

லேப்ராஸ்கோப்பியில் டாப் (TAPP), டெப் (TEP) என இரண்டும் ஒரே இடத்துக்குப் போகும் இரு வழிகள். டாப்பில் வயிற்றுக்குள் நுழைந்து, கடைசியில் பெரிட்டோனியத்தைத் தைத்து மூடவேண்டும். டெப்பில் நுழைவதில்லை, ஆனால் வேலை செய்ய இடம் குறுகல். இதில் செய்பவரின் கைப்பழக்கமே பெரிது.

பெண்களுக்குப் பின்பக்க வழியே மேல்: முன்னால் திறந்தால் ஃபெமரல் வகை கண்ணில் படாமல் போகும். இருபக்கக் குடலிறக்கத்துக்கும் அதேதான். முழு மயக்கம் தாங்காதவர், ப்ராஸ்டேட் முழுதும் அகற்றப்பட்டவர், இடுப்பில் கதிர்வீச்சு பெற்றவர் என்றால் லிக்டன்ஸ்டைன். கடைசி இருவருக்கும் பின்தளம் ஏற்கெனவே ஒட்டிக் கிடக்கும். திரும்பி வந்ததற்கு, முதலில் முன்னால் செய்திருந்தால் இப்போது பின்னால், பின்னால் செய்திருந்தால் முன்னால். தழும்புத் திசுவுக்குள் மறுபடி புகுந்து நரம்பைத் தேட வேண்டியிராது.