ரேஷன் கடைச் செறிவூட்டப்பட்ட அரிசி: இரண்டு வருடம் சாப்பிட்ட பிறகு

எங்கள் அட்டைக்கு மாதம் 20 கிலோ, முக்கால்வாசி புழுங்கல். சும்மா கொடுப்பதைக் குறை சொல்லக் கூடாது என்பார் அம்மா. அதிகம் குறை சொல்வதும் அவர்தான்.

இட்லிக்கு இந்த அரிசி நன்றாகவே இருக்கிறது, உளுந்து மட்டும் ஒரு கைப்பிடி கூடுதலாக வேண்டும். சாதம் மதியம் வரை தாங்கும், இரவில் விறைத்துவிடும். கழுவும்போதுதான் வம்பு. சில மணிகள் மட்டும் வெளிறிப்போய் மேலே மிதக்கும். "பிளாஸ்டிக் அரிசி" என்று அம்மா அதை வழித்துக் கோழிக்குப் போட்டுவிடுவார். நான் நாலைந்தைப் பொறுக்கி ஊறவைத்து, விரலால் நசுக்கிக் காட்டினேன். மாவாகக் குழைந்தது. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து அரிசி வடிவத்தில் பிழிந்து காயவைத்த மணி அது. நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். ஆக, சத்தையெல்லாம் பொறுக்கிக் கோழிக்குப் போட்டிருக்கிறோம்.

என் குறை வேறு. தங்கை மகனுக்குத் தலசீமியா, பிறவியிலேயே வரும் ரத்தக் கோளாறு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ரத்தத்தோடு உடம்பில் இரும்பும் சேரும், அதை வெளியேற்றத் தினமும் மாத்திரை. கோடை லீவுக்கு வந்தவன் ஒரு மாதம் இந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டான். அப்புறம் ஒருநாள் கடை வாசலில் காலிச் சாக்கு ஒன்றைப் பார்த்தேன். செறிவூட்டிய உணவு என்று காட்டும் பிளஸ் எஃப் (+F) முத்திரை, கூடவே பொடி எழுத்தில், தலசீமியா உள்ளவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பையில் அளந்து வாங்கிப் போகிற எங்கள் கண்ணில் 50 கிலோ சாக்கு எங்கே படும்? விற்பனையாளரைக் கேட்டேன். "நானே இப்பத்தான் சார் பார்க்கிறேன்" என்றார். பாவம், அவருக்கு யார் சொன்னார்கள்?

பையனுடைய டாக்டர் ஒரு கணக்குப் போட்டார். கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு. நாளைக்கு 300 கிராம் அரிசி என்றாலும் 13 மில்லிகிராம் தாண்டாது, அதிலும் உடம்பில் ஒட்டுவது கொஞ்சம்தான். ஒரு பை ரத்தத்திலோ 200-க்குக் குறையாது. "பயப்படாதீங்க, மாத்திரையை விடாதீங்க, அது போதும்." 2024-ல் மத்திய அரசுத் தரப்பு நிபுணர் குழுவும் இதையே சொல்லி, எச்சரிக்கை வரியே வேண்டாம் என்றது.

சரி, இருக்கட்டும். 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை, என் மனைவிக்கு ஹீமோகுளோபின் 9. எல்லோர் தட்டிலும் சத்தைப் போடுவது தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் ரத்தம் ஏற்றாத தலசீமியாக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் குடல் சாப்பாட்டிலிருந்தே இரும்பை அளவுக்கு மீறி இழுக்கும். இந்த அரிசி வேண்டாம் என்றால் அந்தக் கடையில் வேறு அரிசி கிடையாது, வெளியே காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆபத்து சின்னதுதான் என்று நமக்காக யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள், கணக்கு சரியாகவும் இருக்கலாம். அதை நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இல்லையா? இருப்புப் பலகையில் சாக்பீஸால் ஒரு வரி எழுதச் சொன்னேன். மேலிடத்தில் கேட்க வேண்டுமாம்.

அரிசிக்கு ஐந்துக்கு நாலு. சொன்ன விதத்துக்கு ஒன்று.

அம்மா இப்போது மிதப்பதை வழிப்பதில்லை. பேரன் வந்திருக்கும் நாட்களில் மட்டும் வழிக்கிறார்.