மூன்று மழைக்காலம் கண்ட இரண்டு ஒட்டுத்துணிப் போர்வைகள்

தங்கை மகளுக்காக நான் தைத்த இரண்டு போர்வைகளுக்கும் மூன்று வயதாகிறது. முதலாவதை, 5 அங்குலச் சதுரங்களாக முன்பே வெட்டி 42 துண்டுகள் அடுக்கிய ஆயத்தப் பொட்டலத்திலிருந்து தைத்தேன். இரண்டாவதை, ஈரோட்டுச் சந்தையில் எடை போட்டு வாங்கிய கட்பீஸ் மூட்டையிலிருந்து தைத்தேன். இரண்டும் கோத்தகிரியில் ஒரே வீட்டில் புழங்கி, ஒரே கொடியில் காய்ந்தவை என்பதால், எது தாங்கியது, எது தளர்ந்தது என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது.

ஆயத்தப் பொட்டலத்தில் வெட்டும் வேலையே இல்லை. நிறங்களும் ஒன்றோடொன்று பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. ஆனால் துண்டுகளின் ஓரம் ரம்பப் பல் போல் வெட்டப்பட்டிருக்கும் என்பதால், 5 அங்குலம் என்பது பல்லின் நுனியிலிருந்தா, பள்ளத்திலிருந்தா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்த பிறகே தைக்கத் தொடங்க வேண்டும். நான் ரவிக்கை தைத்துப் பழகியவள். தையலுக்கு அரை அங்குலம் விடுவது கையோடு வந்த பழக்கம். இந்த வேலைக்குக் கால் அங்குலம் போதும். அப்படித் தைத்தால் ஒவ்வொரு சதுரமும் நான்கரை அங்குலமாக நிற்கும். வரிசைக்கு 6 துண்டுகள், மொத்தம் 7 வரிசைகள் என இணைத்தால் 27க்கு 31½ அங்குலம் கிடைக்கும். அரை அங்குலம் விட்டால் அதுவே 24க்கு 28 ஆகிவிடும். ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் மிஷின் தகட்டின் மேல் ஒரு டேப்பை ஒட்டிக்கொண்டு, துணியின் ஓரத்தை அதை ஒட்டியே நகர்த்தினேன். ஒரு வரிசையின் தையல்களை இடப்பக்கமும் அடுத்த வரிசையின் தையல்களை வலப்பக்கமும் மடித்து இஸ்திரி போட்டதால், மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்தன.

இந்தப் பொட்டலத்தின் பெரிய குறை, சிறு துண்டுகளைத் தைக்கும் முன் துவைக்க முடியாது என்பதுதான். துவைத்தால் ஓரம் பிரிந்து அளவு கெட்டுவிடும். முதல் துவைப்பிலேயே சிவப்புத் துண்டுகளின் சாயம் பக்கத்து வெள்ளையில் இறங்கியது. அந்த இளஞ்சிவப்பு இன்றும் போகவில்லை. அடர்நிறத் துண்டின் மேல் ஈரமான வெள்ளைத் துணியை வைத்துச் சூடாக இஸ்திரி அழுத்திப் பார்த்திருந்தால், சாயம் போகும் துண்டுகளை முன்பே விலக்கியிருப்பேன்.

கட்பீஸ் மூட்டையில் பாதிக்கு மேல் கழிந்தது. இழுத்தால் நீளும் பனியன் துணியை முதலில் ஒதுக்கினேன், ஏனெனில் நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் அது சுருண்டுகொள்ளும். மீதியிலிருந்து ஓரிழை உருவிக் கொளுத்திப் பார்த்தேன்: காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானது பருத்தி, உருகிக் கடினமான மணியாகத் திரண்டது பாலியஸ்டர். தேறிய பருத்தியை வெந்நீரில் துவைத்து, இஸ்திரி போட்டு, 6 அங்குலச் சதுரங்களாக 48 வெட்டினேன். வரிசைக்கு 6 என்று 8 வரிசைகள்; 33க்கு 44 அங்குலம். துவைத்து வெட்டியதால் மூன்றாண்டுகளில் ஒரு நிறம்கூட இன்னொன்றில் இறங்கவில்லை. வெட்டவே இரண்டு நாள் பிடித்தது என்றாலும், அந்த உழைப்பு வீணாகவில்லை என்பேன்.

உள்ளே வைக்கும் பஞ்சுதான் மலையூரில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தொட்டபெட்டா மலைத்தொடர் தடுத்துவிடுவதால், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே முதன்மையானது. அது முடிவதற்குள் குளிரும் வந்துவிடுகிறது. முதல் போர்வையில் பாலியஸ்டர் பஞ்சு ஷீட் வைத்தேன். அது அந்த மழையிலும் மறுநாள் காய்ந்துவிடும். இரண்டாவதில் பருத்திப் பஞ்சு. மடியில் போட்டால் படிந்து கிடக்கும், கதகதப்பும் கூடுதல், ஆனால் ஒருமுறை நனைந்தால் நான்கு நாள் ஈரம் விடுவதில்லை. முதல் ஆண்டு அதை அரைகுறை ஈரத்தோடு மடித்து வைத்ததில் ஒரு மூலையில் பூஞ்சைக் கரும்புள்ளிகள் விழுந்தன. அதன்பின் வெயில் நிலைக்கும் தை, மாசியில்தான் அதை முழுதாக நனைக்கிறோம். மற்ற நாட்களில் அழுக்கான இடத்தை மட்டும் துடைத்தெடுக்கிறோம். பாலியஸ்டர் போர்வையை அடுப்புக்கோ ஹீட்டருக்கோ அருகில் உலர்த்தக் கூடாது. அது தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

பஞ்சை எத்தனை நெருக்கமாகத் தைத்துப் பிடிக்கிறோம் என்பதில் நான் தவறினேன். முதல் போர்வையில் நான்கரை அங்குலத்துக்கு ஒரு கோடு, அதுவும் ஒரே திசையில் ஓட்டியதால், இரண்டாம் ஆண்டில் பஞ்சு நகர்ந்து கட்டி கட்டியாகச் சேர்ந்தது. இரண்டாவதில் இரு திசையிலும் சுமார் இரண்டு அங்குல இடைவெளியில் தைத்தேன். பஞ்சு இன்றும் அசையவில்லை.

ஒன்றை வலியுறுத்த வேண்டும்: ஒரு வயது நிறையும்வரை, தூங்கும் குழந்தையின் மேல் இத்தகைய போர்வையைப் போடக் கூடாது, முகத்தை மூடி மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு. எத்தனை குளிரானாலும் தூக்கத்துக்கு உடலோடு பொருந்திய கம்பளி ஆடைதான். முதல் ஆண்டில் தரையில் விரித்துக் குப்புறப் படுத்து விளையாடவும், விழித்திருக்கையில் மடியில் போர்த்தவும் மட்டுமே இவற்றைப் பயன்படுத்தினோம்.

இன்று ஆயத்தப் பொட்டலப் போர்வை அவளுக்குச் சிறிதாகிவிட்டதால், பொம்மைகளுக்கு மெத்தையாகியிருக்கிறது. பெரியதை அவள் வீடெங்கும் இழுத்துச் செல்கிறாள். இரண்டரை அங்குலப் பட்டைகள் நான்கை இணைத்து, இரட்டையாக மடித்துக் கட்டிய ஓரம் மூன்று மூலைகளில் உறுதியாக இருக்கிறது; நான்காவது மூலையில் நூல் தேய்ந்து துணி தெரிகிறது. ஐப்பசி மழை தொடங்குமுன் அந்த மூலைக்கு மட்டும் மிச்சத் துணியில் புதுப்பட்டை வைக்க வேண்டும்.