ஊருக்குள் செவிலியா, ஊர்க்கூட்டமா? ஆப்பிரிக்கக் கிராமங்களின் தாய்நலப் பணிகள் பற்றிய ஓர் ஒப்பீட்டு அலசல்

கானாவின் வடகோடியில், புர்கினா ஃபாசோ எல்லையை ஒட்டியுள்ள கசேனா-நங்கானா மாவட்டத்தில், கிராமங்களுக்குச் சுகாதாரச் சேவையையும் குடும்பக் கட்டுப்பாட்டையும் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதில் 1990களில் இரண்டு யோசனைகள் போட்டியிட்டன. பயிற்சி பெற்ற செவிலியரைத் தொலைவிலுள்ள சுகாதார நிலையத்திலிருந்து எடுத்துக் கிராமத்திலேயே குடியமர்த்த வேண்டும் என்பது ஒன்று. தலைவர்கள், பெரியவர்கள், தன்னார்வலர்கள் என்று ஊரிலேயே இருக்கும் மனித பலத்தைத் திரட்டினால் போதும், செலவும் குறையும் என்பது மற்றொன்று. எது சரி என்று வாதிட்டுக்கொண்டிராமல், நவ்ரோங்கோ சுகாதார ஆய்வு மையம் 1994இல் மூன்று ஊர்களில் முன்னோட்டம் பார்த்துவிட்டு, 1996 முதல் மாவட்டத்தையே நான்கு பகுதிகளாக்கிச் சோதித்தது. ஒரு பகுதியில் செவிலியர் மட்டும், ஒரு பகுதியில் ஊர்த்திரட்டல் மட்டும், ஒரு பகுதியில் இரண்டும் சேர்ந்து, நான்காவதில் வழக்கமான சேவை மட்டும்.

செவிலியர் வழியின் பலம் எளிதில் விளங்கக்கூடியது. ஊரார் தங்கள் உழைப்பால் கட்டிக்கொடுத்த வீட்டில் செவிலியர் தங்குவார். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சென்று காய்ச்சலுக்கு மருந்தும், குழந்தைக்குத் தடுப்பூசியும், விரும்பும் பெண்ணுக்குக் கருத்தடையும் தருவார். 'சுருகெலு' என்று உள்ளூர் மொழியில் அழைக்கப்பட்ட ஊர்த்திரட்டல் வழியோ ஆண்களை நோக்கியது. அங்கே மணமகன் வீட்டார் மாடுகளைப் பரிசமாகக் கொடுத்துப் பெண் எடுப்பதால், பிள்ளைப்பேறு கணவனின் குலத்துக்கு உரியது என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருந்தது. கருத்தடையை நாடும் மனைவி நெறி தவறுவாளோ என்று கணவர்கள் அஞ்சினர். கணவன் அடிப்பானோ, வீட்டார் தள்ளிவைப்பார்களோ என்று பெண்கள் அஞ்சினர். இந்த அச்சத்தை மாத்திரையால் போக்க முடியாது. தலைவர் கூட்டும் ஊர்க்கூட்டத்தில் ஆண்களின் முன்னிலையில் பேசித்தான் போக்க வேண்டும்.

செவிலியர் குடியிருந்த ஊர்களில் குழந்தை இறப்பு மூன்றே ஆண்டுகளில் பாதிக்கும் மேல் குறைந்தது. தன்னார்வலர்கள் மட்டும் இருந்த இடத்தில் அப்படிக் குறையவில்லை. பிறப்பு விகிதமோ இரண்டு வழிகளும் இணைந்த பகுதியில்தான் 15 சதவீதம், அதாவது பெண்ணுக்கு ஒரு பிள்ளை என்ற அளவில், இறங்கியது. இதற்கான கூடுதல் செலவு, ஆளொன்றுக்கு 6.80 டாலராக இருந்த ஆரம்ப சுகாதாரச் செலவுக்கு மேல் 1.92 டாலர். மலிவு என்பதற்காகத் தன்னார்வலரை மட்டும் நம்பும் திட்டங்களை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். அதே சமயம், ஆண்களிடம் பேசாத செவிலியர் திட்டமும் குடும்பக் கட்டுப்பாட்டில் பாதி வழிதான் போகும் என்பதையும் இந்த முடிவு சொல்கிறது.

மகப்பேற்றுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. திட்டமிடுவோர் பலர் தவறுவது இங்கேதான் என்று கருதுகிறேன். கருத்தடையை வாசலுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டாலோ, வலிப்பு வந்தாலோ, குழந்தை சிக்கிக்கொண்டாலோ, தாய்தான் மருத்துவ வசதியுள்ள இடத்துக்கு வந்தாக வேண்டும். எத்தியோப்பியாவையும் ருவாண்டாவையும் அருகருகே வைத்தால் இது தெளிவாகும். எத்தியோப்பியா 2003இல் தொடங்கிய திட்டத்தில், பத்தாம் வகுப்பு முடித்த பெண்களுக்கு ஓராண்டுப் பயிற்சி தந்து, ஏறத்தாழ 5,000 பேருக்கு இருவர் வீதம் சம்பளத்துடன் சுகாதார ஊழியர்களாக நியமித்தது. 2009 முதல் கையில் பதிக்கும் கருத்தடைக் குச்சியை வைக்கவும் அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. மணமான பெண்களில் நவீன முறைகளைப் பயன்படுத்துவோர் 2000இல் 6 சதவீதமாக இருந்து 2016இல் 35 சதவீதமாக உயர்ந்தனர். ஆனால் மருத்துவ நிலையத்தில் நடந்த பிரசவங்கள் 2011இல்கூட 10 சதவீதம்தான். 2016இல் 26 சதவீதம்.

ருவாண்டாவில் ஊழியர்களை ஊராரே தேர்ந்தெடுக்கின்றனர். அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பணிக்கேற்ற தொகை அவர்களின் கூட்டுறவு அமைப்புக்குச் செல்கிறது. ஊதியத்தைப் பொறுத்தவரை எத்தியோப்பியாவின் முறையே நியாயமானது என்பேன். ஆயினும் ருவாண்டா மூன்றை ஒன்றோடொன்று பின்னியது: கர்ப்பிணிகளைக் கவனிக்கவென்றே ஊருக்கு ஓர் ஊழியர், மக்கள் பங்களிப்பில் நடக்கும் சுகாதாரக் காப்பீடு, நிலையத்தில் நடக்கும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் அந்த நிலையத்துக்கே ஊக்கத்தொகை. நிலையப் பிரசவங்கள் 2005இல் 28 சதவீதமாக இருந்து 2010இல் 69 ஆகவும், 2014-15இல் 91 ஆகவும் ஏறின. ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 750 ஆக இருந்த தாய் இறப்பு அதே பத்தாண்டில் 210க்கு இறங்கியது. நவீன கருத்தடை தராத கத்தோலிக்க நிலையங்களின் அருகே அரசு தனிச் சிறு நிலையங்களை அமைத்துக்கொண்டது, மோதலின்றி வழி கண்ட நல்ல ஏற்பாடு.

மலாவி 2007இல் பாரம்பரிய மருத்துவச்சிகள் பிரசவம் பார்ப்பதற்குத் தடை விதித்தது. 2010இல் குடியரசுத் தலைவரே அதைத் தளர்த்திப் பேசினார். போக வண்டியும், போய்ச் சேரும் இடத்தில் பயிற்சி பெற்ற பேறுகாலச் செவிலியரும் இல்லாதபோது தடை மட்டும் ஒரு தாயையும் காப்பதில்லை. அதே மலாவியின் மங்கோச்சி மாவட்டம் கருத்தடையில் இன்னொரு வழியைக் காட்டியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோலடியில் போடும் ஊசியைத் தாமே போட்டுக்கொள்ளக் கற்ற பெண்களில் 73 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பிறகும் தொடர்ந்தனர். ஊழியரிடம் போட்டுக்கொண்டவர்களில் 45 சதவீதத்தினரே தொடர்ந்தனர். ஊசிக்காக ஊழியர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வாசலுக்கும் நடந்த நேரம், இனி நிறைமாதக் கர்ப்பிணியைப் பார்க்கப் போவதற்குக் கிடைக்கும்.